ஆர்லன் பிரெக் எழுதிக்கொடுத்த இருபத்துமூன்று கடிதங்கள்

ஆர்லன் பிரெக்கை நான் முதலில் சந்தித்தது டோர்வால் ஊர்ப் பள்ளிப் பேருந்துப் பணிமனையில். எங்கள் பண்ணைக் குடும்பத்தில் கல்லூரி வாசலைக் கண்ட முதல் ஆள் நான். மண்ணியல் பட்டத்தோடும் அதற்குரிய கர்வத்தோடும் மினசோட்டாவுக்குத் திரும்பியிருந்தேன். விண்ணப்பித்த வேலைக்குப் பதில் வரும்வரை மாற்று ஓட்டுநராகச் சேர்ந்தேன். முதல் நாள் ஓய்வறையில் காப்பியை ஊற்றிக்கொண்டு திரும்பினால், ஐம்பதை நெருங்கும் ஒரு கனத்த மனிதர் என் கையில் ஒரு சிறு அட்டையைத் திணித்தார். மேலே அவர் பெயர். கீழே 'எழுத்தாளர்'. அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'காலை ஒன்பதரை முதல் பகல் ஒன்றரை வரை.'

"பட்டம் வாங்குனவன்தான நீ? இத படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு" என்று ஒரு தாளை நீட்டினார். பூனைக்கு மலச்சிக்கல் வந்தால் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பது பற்றிய கட்டுரை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"உங்க வீட்ல எத்தன பூனை?"

"எனக்குப் பூனையே ஆகாதுப்பா. பக்கத்துல வந்தாலே தும்மல் வரும்" என்றார்.

மீதிக் கதையை அவரே பல மாதங்களாக அந்த ஓய்வறையில் சொன்னார். அவர் விட்ட இடங்களை ஊர் நிரப்பியது.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு நாள் என்பது நடுவில் ஓட்டை விழுந்த பண்டம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் ஒன்பது. மறுபடி ஏற்றுவது இரண்டு மணிக்கு. இடையில் உள்ள நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் சீட்டு ஆடுவார்கள், பனி தள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போடுவார்கள், நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். ஆர்லனும் பதினாறு வருடம் அப்படித்தான் தூங்கினார். பதினேழாவது வருடம் கைப்பேசிக் காணொளியில் கோச் லாண்டன் என்ற பயிற்சியாளர் வந்தார்.

கோச் லாண்டன் எப்போதும் ஒரு படகில்தான் இருப்பார். எந்தக் கடல் என்று சொல்ல மாட்டார். "நீங்கள் காப்பி குடிக்கும் நேரத்தில் நான் ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டேன்" என்பார். ஓய்வு நேரத்தில் எழுதி மாதம் ஐயாயிரம் டாலர் சம்பாதிக்கும் ரகசியத்தைப் பன்னிரண்டு பாடங்களில் விற்றுக்கொண்டிருந்தார். விலை நானூற்றுத் தொண்ணூற்றேழு. ஐநூறுக்கு மூன்று டாலரை விட்டுக்கொடுத்தாரே என்று ஆர்லன் நெகிழ்ந்துபோனாரே தவிர, எழுதியே ஐயாயிரம் வருகிறவர் பாடம் ஏன் விற்கிறார் என்று யோசிக்கவில்லை.

முதல் பாடம், 'கண்ணாடி முன் நின்று நான் எழுத்தாளன் என்று பத்து முறை சொல்லுங்கள்.' ஆர்லன் பேருந்தின் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை வீட்டில் போய்ச் சொன்னாள். அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அட்டை அச்சடித்த செலவு வீண்.

ஆர்லனின் மனைவி ஜோலீன் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். வங்கிக் கணக்கைப் பார்த்தவள் கணவனைக் கூப்பிட்டாள்.

"இந்த ஐநூறு டாலர் எங்க போச்சு?"

"நானூத்தித் தொண்ணூத்தேழு."

"அட, மிச்சம் பிடிச்சிருக்க! அந்த மூணு டாலர்ல எனக்கு என்ன வாங்கிட்டு வந்த?"

ஜோலீனின் அண்ணன் ராய்ஸுக்கு நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை. அவனுக்கு மைத்துனரின் மீது வெகுநாளாக ஒரு கண். "மச்சான், ஒம்பதரைலேர்ந்து ஒன்றரை வரைக்கும் சும்மாதான கெடக்க? வந்து டயர் மாட்டு. பூனைக்கு வயித்தக் கழுவறதுக்கு இது மேல்" என்றான். ஜோலீன் யோசித்தாள். அவள் கொடுமைக்காரி அல்ல. இந்தக் கிறிஸ்துமஸ் வரை பார்க்கலாம், அதற்குள் பாடத்துக்குக் கொடுத்த பணமாவது எழுத்தில் திரும்பி வந்தால் அந்த நான்கு மணி நேரம் ஆர்லனுக்கு, வராவிட்டால் ராய்ஸுக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். ஆர்லன் ஒப்புக்கொண்டார். வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த நான்கு மணி நேரம்தான். அதைப் பணயம் வைத்தார்.

கோடை முழுதும் எழுதினார். வீட்டுக் கூரையின் மழைநீர்த் தகரத்தைச் சுத்தம் செய்வது எப்படி என்று எழுதினார். எட்டு டாலர் வந்தது. கால் நகப் பூஞ்சைக்குப் பதினொன்று. பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவைத் தாண்டிப் போகாதவர், கரீபியத் தீவுகளில் தேனிலவுக்கு ஏற்ற ஐந்து விடுதிகளைப் பரிந்துரைத்தார். ஒரு மீன்பிடிப் பத்திரிகைக்குத் தாம் உண்மையிலேயே அறிந்த ஒன்றை, உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பதை, உயிரைக் கொடுத்து எழுதி அனுப்பினார். 'இதே பொருளில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எங்களிடம் கைவசம் உள்ளன' என்று பதில் வந்தது. அறிந்ததை எழுதினால் காசு இல்லை, அறியாததை எழுதினால்தான் எட்டு டாலராவது உண்டு என்ற பாடம் அந்தப் பன்னிரண்டில் எதிலும் இல்லை. அதை அவரே கற்றுக்கொண்டார்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆராதனைக்குப் பிந்தைய காப்பி நேரத்தில், வெரோனா லிண்ட் அம்மாள் அலுத்துக்கொண்டாள். எழுபத்தொரு வயது. ஆர்லனுக்குச் சிறுவயதில் ஞாயிறு வகுப்பு எடுத்தவள். கணவர் கிளிஃபர்ட்.

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் லெட்டருக்கு என்னத்த எழுதறதுன்னே தெரியல. கிளிஃபர்டுக்கு ஆபரேஷன். மகன் வெவாகரத்து. நாய் செத்துப்போச்சு. இத எழுதி அனுப்புனா யாரு படிப்பா?"

எங்கள் ஊரில் பெருமை பேசுவது பாவம். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, தபால்தலை ஒட்டி, தெரிந்தவர் எல்லாருக்கும் அனுப்பினால் அந்தப் பாவம் மன்னிக்கப்படும். ஒரு பக்கம். அதில் பிள்ளைகள் எல்லாரும் முன்னேற வேண்டும், எல்லாப் பயணமும் இனிக்க வேண்டும், துன்பம் இருந்தால் அது நல்ல பாடமாக முடிய வேண்டும். வருகிற கடிதங்களை எல்லாரும் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, ஜனவரி வரை நின்று நின்று படித்து உதட்டைச் சுழிப்பார்கள்.

"விஷயத்த மட்டும் சொல்லுங்க மிஸஸ் லிண்ட். நான் எழுதித் தர்றேன்" என்றார் ஆர்லன்.

மறுநாள் அவள் வீட்டுச் சமையலறையில் குறிப்பேட்டை விரித்து உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் ஒன்று சொன்னாள். ஜூன் மாதம், அறுவை முடிந்து கிளிஃபர்ட் வீடு திரும்பிய மறுநாள் காலை, இருவரும் காப்பியோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார்களாம். லூன் என்ற நீர்ப்பறவை ஒன்று முதுகில் குஞ்சைச் சுமந்துகொண்டு எதிரே நீந்திப் போனதாம். "நாங்க ஒண்ணும் பேசிக்கல. அவ்ளோதான். இதெல்லாம் எழுதாத, சும்மா சொன்னேன்."

ஆர்லன் அதை எழுதினார். மகனின் விவாகரத்து இரண்டு வரியில் முடிந்தது, நாய்க்கு ஒரு வரி, ஏரிக்கரைக்கு ஆறு வரி. வெரோனா படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத நானா சொன்னேன்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்றப்ப இப்படி இல்லையே" என்றாள். நாற்பது டாலர் கொடுத்தாள். "நீ எழுதுனதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றாள்.

அவர் சொல்லவில்லை. ஆனால் வெரோனா தன் நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். நாத்தனார் தன் சிநேகிதியிடம் மட்டும். நவம்பர் முதல் வாரத்திலிருந்து பணிமனையின் பின்பக்கத்தில், டீசல் தொட்டிக்கு மறைவில், ஒவ்வொரு காராக வந்து நிற்கத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் கள்ளச் சாராயம் வாங்க வந்தவர்கள்போல் இருபக்கமும் பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஒருவர் வரும்போது இன்னொருவர் எதிர்ப்படாதபடி ஆர்லன் அரை மணிக்கு ஒருவராக நேரம் கொடுத்தார். அந்த ஒழுங்கில் அவருக்குப் பெருமை.

தொழிலும் கைக்கு வந்துவிட்டது. மேட்சன் மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிறையில் இருந்தான். 'எங்கள் மகன் கோடி இந்த ஆண்டு ஒழுங்கான கால அட்டவணையில் வாழப் பழகியிருக்கிறான். சிந்திக்க நிறைய நேரம் கிடைக்கிறது' என்று எழுதினார். கல்லூரியை விட்டு ஓடிவந்த பெண் 'வகுப்பறைச் சுவர்களுக்கு வெளியே பயில்கிறாள்.' நோய் வந்து ஒன்பதாயிரம் வான்கோழியைக் குழி தோண்டிப் புதைத்தவரின் பண்ணையில் 'இலையுதிர் காலம் வழக்கத்தைவிட அமைதியாகக் கழிந்தது.' வந்தவர்கள் படித்துப் பார்த்து, தங்கள் வாழ்க்கை இவ்வளவு நன்றாக இருந்தது தங்களுக்கே தெரியாமல் போயிற்றே என்று வியந்து நாற்பது டாலரை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் ஏதோ ஒன்று குறைந்தது. நெஞ்சைத் தொடும் இடம் இல்லை. ஆர்லன் கோச் லாண்டனின் ஆறாவது பாடத்தைத் திறந்தார். 'ஒருமுறை சமைத்ததைப் பல தட்டில் பரிமாறக் கற்றவனே தொழில்முறை எழுத்தாளன்.' அவரிடம் சமைத்தது ஒன்று இருந்தது. மேட்சன் தம்பதியை ஏரிக்கரையில் உட்கார வைத்தார். திருமதி மேட்சன் கண் கலங்கினாள். அடுத்து ஓல்சன் தம்பதி. அடுத்து வான்கோழிக்காரர். ஒவ்வொரு தடவையும் அந்த ஆறு வரி பிசகாமல் வேலை செய்தது. டிசம்பர் முதல் தேதிக்குள் வெரோனாவைச் சேர்த்து இருபத்துமூன்று வீடு.

பாடத்தின் பணம் எப்போதோ திரும்பிவிட்டது. ஜோலீன் வாக்குத் தவறாதவள். பல் பிடுங்க வந்த ஒருவரிடம், "எங்க வீட்டுக்காரர் எழுத்தாளர். பஸ்ஸும் ஓட்டறாரு" என்று அவள் சொன்னதை ஆர்லன் தன் காதால் கேட்டார். எழுத்து முதலில் வந்தது, பேருந்து அதற்குப் பின்னால். ராய்ஸுக்குத் தொலைபேசியில், "வேற ஆளப் பாத்துக்க மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் தபால்கள் வரத் தொடங்கின. ஜோலீன் இரவுச் சாப்பாட்டுக்கு முன், மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படிப்பது வழக்கம். எந்த வீட்டுக்கு எழுதினோம் என்பதை ஆர்லன் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

"'ஒருநாள் காலை, கையில் காப்பியோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். முதுகில் குஞ்சைச் சுமந்துகொண்டு ஒரு லூன் பறவை எங்கள் எதிரே கடந்து போனது.' அடடா, லிண்ட் வீட்டு லெட்டர் நல்லாருக்கே." அடுத்ததைப் பிரித்தாள். "'ஒருநாள் காலை, கையில் காப்பியோடு...' இது மேட்சன். அவருக்கு வயித்துப் புண்ணாச்சே, காப்பிய மோந்துகூடப் பாக்க மாட்டாரே." மூன்றாவது. ஜோலீன் மெல்லத் தலை தூக்கினாள். "ஓல்சன் வீடு. 'நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேசவில்லை.' மார்ச்சுலேர்ந்து அவங்க ரெண்டு பேரும் பேசறதே இல்ல. இது ஒண்ணுதான் நெஜம்."

ஆர்லன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது எவி ஹாகன். ஒண்டிக்கட்டை. 'ஒருவரை ஒருவர்'னா யாரு, இவளும் பறவையுமா?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் ஆர்லன், அன்னிக்கு ஒருநாள் காலைல அந்த ஏரிக்கரைல உக்கார எடம் இருந்துச்சா? டோக்கன் குடுத்தாங்களா?"

அப்போதுதான் ஆர்லனுக்கு உறைத்தது. ஒவ்வொருவரையும் மற்றவர் கண்ணில் படாமல் அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்தவர், அந்த இருபத்துமூன்று வீடும் ஒருவருக்கொருவர்தான் கடிதம் அனுப்பிக்கொள்ளும் என்பதை மறந்துவிட்டார். தன் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வருடாவருடம் நாற்பது கடிதம் தொங்குவதைப் பார்த்தவர் மறந்துவிட்டார்.

ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "சரி, இது முதல்ல யாரோடது? நீயா கெளப்புனியா?"

"மிஸஸ் லிண்டோடது. அவங்களுக்கு நெஜமாவே நடந்துச்சு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப போய் அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடு."

"அவங்க ஒண்ணும் கேக்கலையே."

"இந்த ஊர்ல யாரு எதக் கேட்டிருக்கா?"

ஆர்லன் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. தேவாலயக் கீழ்த்தளத்தில் இருபத்துமூன்று குடும்பமும் காப்பிக் கோப்பையோடு நின்றது. வேறு ஊராக இருந்தால் அடிதடி நடந்திருக்கும். இங்கே யாராவது வாயைத் திறந்தால், தானும் காசு கொடுத்து எழுதி வாங்கியதை ஒப்புக்கொண்டதாக ஆகும். ஆகவே எல்லாரும் புன்னகை செய்தார்கள்.

"ஒங்க லெட்டர் வந்துச்சு" என்றார் மேட்சன்.

"ஒங்களுதும் வந்துச்சு" என்றார் வான்கோழிக்காரர்.

"நல்லாருந்துச்சு."

"ஒங்களுதும் நல்லாருந்துச்சு."

கொஞ்ச நேரம் தத்தம் காப்பியைப் பார்த்தார்கள்.

"இந்த வருஷம் பறவை கொஞ்சம் ஜாஸ்தி."

"ஆமா. மழை நல்லாப் பேஞ்சுதுல்ல."

ஆர்லனுக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம், அடுத்த வருடம் பறவையை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தபடி தட்டிலிருந்து எலுமிச்சைக் கேக் துண்டு ஒன்றை எடுத்தார். பக்கத்தில் எவி ஹாகன் வெரோனாவின் முழங்கையை இடித்து, கண்ணடித்து, குரலைத் தாழ்த்தினாள். "நீங்களுமா? நானும் அதே கடைலதான். பரவால்ல விடுங்க, பறவை எல்லாருக்கும் பொது."

வெரோனா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கணவரின் மேற்சட்டையை எடுக்கப் போனாள். ஆர்லன் கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் கார் பணிமனைக்கு வந்தது. பின்பக்கம் போகவில்லை, எல்லாரும் பார்க்க வாசலில் நின்றது. கையில் குக்கீஸ் டப்பா. எங்கள் ஊரில் சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வர மாட்டார்கள்.

"கிறிஸ்துமஸ் குக்கீஸ். ஜோலீனுக்கும் குடு" என்றாள். பிறகு நின்றாள். "ஆர்லன், கிளிஃபர்டுக்கு மருந்துல ஞாபகம் கொஞ்சம் கொழம்புது. எல்லா லெட்டரையும் படிச்சுட்டு நேத்துலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காரு, அன்னிக்கு நெஜமா பறவை வந்துச்சா, இல்ல ஆர்லன் எழுதுனதானு. வந்துச்சுங்கறேன். நம்ப மாட்டேங்கறாரு. நீயும் நல்லா எழுதிட்டியா, சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் டப்பாவின் மூடியை அழுத்திச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆர்லன் வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டைத் தேடி எடுத்தார். ஜோலீன் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கிளிஃபர்ட்கிட்ட சொல்லப்போறேன். எல்லாத்தையும்."

"கிளிஃபர்ட்கிட்டயா? அவர்கிட்ட சொன்னா மைக் போட்டு ஊருக்கே சொன்ன மாதிரி. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஒரு ஈ காக்கா வராது ஒன்கிட்ட."

"தெரியும்ங்கறேன்ல" என்றார் ஆர்லன், காலணியை மாட்டிக்கொண்டே.

கிளிஃபர்ட் லிண்ட் ஜன்னலோர நாற்காலியில் போர்வையோடு இருந்தார். ஆர்லன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தார். அக்டோபர் தேதி போட்டு, வெரோனாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் வந்தபடியே கிறுக்கப்பட்டிருந்தன. 'லூன். குஞ்சு முதுகுல. பேசிக்கல. எழுத வேண்டாங்கறாங்க.' கிளிஃபர்ட் விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"அப்ப வந்துச்சு" என்றார்.

"வந்துச்சு. உங்களுக்கு மட்டும்தான் வந்துச்சு."

"மத்தவங்களுக்கெல்லாம்?"

"நான் வித்தது. ஒண்ணு நாப்பது டாலர்."

கிழவரின் முகம் மலர்ந்தது. "ஓல்சன்கூடவா வாங்குனான்? அந்தக் கருமி நாப்பது டாலர் குடுத்தானா?" என்று கேட்டார். யார் யார் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார். ஆர்லன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வாசல் வரை வந்தபோது, உள்ளே கிளிஃபர்ட் தொலைபேசியில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது.

புத்தாண்டுக்குள் ஊர் முழுதும் பட்டியல் தெரிந்திருந்தது. யாரும் ஆர்லனைத் திட்டவில்லை. எல்லாரும் அவரிடம் முன்னைவிட மரியாதையாக வானிலை பற்றிப் பேசினார்கள். அதைவிடப் பெரிய தண்டனை டோர்வாலில் கிடையாது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஊரில் ஒருவரும் கடிதம் எழுதவில்லை. ஸ்வெட்டர் போட்ட குடும்பப் படத்தைக் கடையில் அச்சடித்து, ஒரு வார்த்தைகூட இல்லாமல் அனுப்பினார்கள். லிண்ட் வீட்டிலிருந்து மட்டும் கையெழுத்தில் நான்கு வரி வந்தது. எழுத்துப் பிழை இருந்தது. கோச் லாண்டன் மேல்நிலைப் பாடத்துக்கு இருபது விழுக்காடு தள்ளுபடி அறிவித்தார்.

ஆர்லன் இப்போதும் பதினான்காம் எண் பேருந்துதான் ஓட்டுகிறார். ஒன்பதரை முதல் ஒன்றரை வரை ராய்ஸின் கடையில் டயர் மாட்டுகிறார். நெடுஞ்சாலையைப் பார்த்த கடைப் பலகையில் வாரம் ஒரு வாசகம் எழுதுவதும் அவர் வேலைதான்; ஒவ்வொரு வாரமும் புதிது. அதற்குத் தனிக் கூலி இல்லை.